நாலாவது பூச்சு

பிணத்தைவிடக் கார்தான் முதலில் இன்ஸ்பெக்டரின் கண்ணில் பட்டது.

அப்படியொரு பளபளப்பு!

கூடம் முழுக்கப் பெயின்ட் நெடி. நடுவில், வரிசையாகத் தொங்கிய விளக்குகளுக்குக் கீழே, காய்ந்தும் காயாமலும் நின்றது அந்தக் கார். அதன் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட பெண்மணி ஒருவர் குப்புறக் கிடந்தார்.

நரைத்த தலையில் ரத்தம்.

பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தவனின் இரண்டு கைகளிலும் அதே ரத்தம்.

"யாருய்யா நீ?"

"இங்க ஸ்ப்ரே அடிக்கிறவன் சார்... பெயின்ட்டுல கலக்கத் தின்னர் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தா எங்க கம்பெனில பெயின்ட் கண்டுபிடிக்கற டாக்டரம்மா இப்படிக் கிடக்கறாங்க..."

"தொட்டுப் பார்த்தியா?"

"மூச்சு இருக்கான்னு தலையைத் தூக்கிப் பார்த்தேன் சார்."

"கதவு திறந்து கிடந்துச்சா?"

"இல்ல சார். பூட்டியிருந்துச்சு. சாத்தினா தானா பூட்டிக்கும்."

"சாவி?"



"ரெண்டே சாவிதான் சார். டாக்டரம்மாகிட்ட ஒண்ணு... என்கிட்ட ஒண்ணு."

இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். இதற்கு மேல் என்ன வேண்டும்? குனிந்து உடலைப் பார்த்தார். காரைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"அ... அ... அச்சூ!"

பெயின்ட் நெடி அவருக்கு ஜென்மப் பகை. கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தார்.

"காரைத் துணி போட்டு மூடுங்கய்யா. கூடத்துக்குச் சீல் வைங்க. ஒரு ஈ காக்கா உள்ள வரக் கூடாது. இவனை வண்டியில ஏத்துங்க."

ஸ்ப்ரேக்காரன் அழவில்லை. காரையே பார்த்துக்கொண்டு போனான்.

*

பட்டப்பகலிலும் அந்த அறை இருட்டாகத்தான் இருக்கும்.

சுவர் கறுப்பு. தரை கறுப்பு. கூரையிலிருந்து தரை வரைக்கும் தொங்கும் திரையும் கறுப்பு. வெளி வெளிச்சம் ஒரு துளி உள்ளே வந்தாலும் கம்ப்யூட்டர் திரையில் தெரியும் நிறம் கெட்டுவிடும் என்பதற்காக இந்த ஏற்பாடு. விளம்பரங்களுக்குக் கம்ப்யூட்டரிலேயே படம் உருவாக்கும் ஆபீஸ் அது.

அங்கேதான் போன் அடித்தது.

"ஸ்ப்ரேக்காரரோட சம்சாரம்தானே?"

"ஆமா. யார் பேசறது?"

"ஸ்டேஷன்லேருந்து பேசறோம். கொஞ்சம் வந்துட்டுப் போங்க. தெரிஞ்ச வக்கீல் இருந்தா கையோட கூட்டிட்டு வாங்க."

டாக்டரம்மா கொலை, கணவன் கைது என்ற விவரத்தையும் சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தார்கள்.

ஆபீசில் அவள் பெயர் லேயர். அவளுடைய வேலை அப்படி. ஒரு பொருளின் மேல் வெளிச்சம் விழுந்தால் எவ்வளவு உள்ளே போகிறது, எந்த அடுக்கில் முட்டுகிறது, எந்தப் பக்கம் சிதறுகிறது, வெளியே வரும்போது என்ன நிறமாக வருகிறது... இதையெல்லாம் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுப்பவள். தோல், மரம், பட்டுத்துணி, பீங்கான், எதைப் பார்த்தாலும் அவளுக்கு அடுக்குத்தான். டீயில் ஆடை படிந்தால்கூட "ரெண்டு லேயர்" என்பாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

இப்போது அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது.

"என்னம்மா ஆச்சு?"

வாசலில் நின்றவர் ஆபீஸ் முதலாளி. முகத்துக்கு நேரே 'சார்', முதுகுக்குப் பின்னால் 'கழுகு'. கண் அப்படி. ஒரு படத்தில் இம்மியளவு சிவப்பு கூடியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்ததைச் சொல்லாமலும் இருக்க மாட்டார். ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போனால்கூட, "இந்தச் சுவத்துப் பச்சை சரியில்லையே" என்று சொல்லிவிட்டுத்தான் நோயாளியிடம் நலம் விசாரிப்பார்.

கையில் எப்போதும் ஒரு எஃகு உருண்டை. கண்ணாடி மாதிரி மின்னும். படம் எடுக்க வேண்டிய இடத்தில் அதை வைத்தால் சுற்றியிருக்கிற வெளிச்சம் மொத்தமும் அதில் தெரியும். அதைப் படம் பிடித்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பார்கள். வேலை இல்லாதபோது அதை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருப்பது அவர் வழக்கம்.

"சார்... அவரைப் போலீஸ் பிடிச்சுட்டாங்க. டாக்டரம்மாவை யாரோ கொன்னுட்டாங்களாம்."

உருண்டை ஒரு கணம் நின்றது.

"அந்தப் பெயின்ட் டாக்டரம்மாவையா? அடக் கடவுளே. வெளியூர் போயிட்டு இப்பதானே உள்ள நுழையறேன். நீ பதறாதே. வக்கீலுக்கு நான் சொல்றேன். என் வண்டியிலயே போ."

அவளுக்குக் கண் கலங்கியது. அப்பா இல்லாத பெண்ணுக்கு அந்த நேரத்தில் அவர் அப்பா மாதிரி தெரிந்தார்.

*

லாக்கப் கம்பிக்கு அந்தப் பக்கம் கணவன். ஒரே நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"அடிச்சாங்களா?"

"இல்ல. பாப்பாகிட்ட என்ன சொன்னே?"

"அப்பா வேலையா வெளியூர் போயிருக்கார்னு."

"நம்பிட்டாளா?"

"ஷூவை வீட்டுல விட்டுட்டு எப்படிப் போனார்னு கேக்கறா."

அவன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

"என்னங்க, யார் மேலயாவது சந்தேகம் இருக்கா? டாக்டரம்மா யாருக்காவது பயந்தாங்களா?"

"அவங்களா? அவங்களைப் பார்த்து மத்தவங்கதான் பயப்படுவாங்க. அன்னிக்குக் காலைல அவங்க தம்பிக்காரர்கிட்ட போன்ல பெரிய சத்தம். கம்பெனியை விக்கணும்னு அவர், முடியாதுன்னு இவங்க. போனை வெச்சதும் அப்படியே மாறிட்டாங்க. 'வாய்யா, இன்னொரு பூச்சு அடிச்சுப் பார்க்கலாம்'னு சின்னப் பிள்ளை மாதிரி கூப்பிட்டாங்க."

"இன்னொரு பூச்சா? மூணுதானே?"

அவளுக்கு அந்தப் பெயின்ட் அத்துப்படி. அதன் விளம்பரப் படத்தை உருவாக்கும் வேலை அவளிடம்தான் இருந்தது. டாக்டரம்மா கொடுத்தனுப்பிய உள்ளங்கையளவு மாதிரித் தகட்டின் மேல் வெளிச்சத்தை எல்லாப் பக்கத்திலிருந்தும் பாய்ச்சி அளந்தவள் அவள். அடியில் கறுப்பு. அதன் மேல் மீன் செதில் மாதிரி மெல்லிய துகள்கள் கலந்த பூச்சு. மேலே கண்ணாடி போன்ற வார்னிஷ். நேராகப் பார்த்தால் பச்சை. சரிவாகப் பார்த்தால் நீலம். மயில்கழுத்து நிறம்.

"தகட்டுல மூணு. கார்ல நாலு" என்றான் அவன். "துகளுக்கும் வார்னிஷுக்கும் நடுவுல மெலிசா ஒண்ணு. நேராப் பார்த்தா அதே பச்சை. ஒரு மாத்தமும் தெரியாது. ஆனா தரையோட தரையாக் குனிஞ்சு, கதவோட கீழ் வளைவைப் பார்த்தா... நீலம் இல்ல. ஊதா."

"ஊதாவா?"

"அப்படியொரு ஊதா. டாக்டரம்மா தரையில படுத்துக்கிட்டுப் பார்த்தாங்க. 'அறிமுக விழாவரைக்கும் யாருக்கும் மூச்சு விடாதே'ன்னாங்க. அவங்களும் நானும் தவிர ஒருத்தரும் அதைப் பார்க்கலை."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

மூன்றாவதாக ஒருவன் பார்த்திருக்கிறான்!

*

"எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வெங்காயத்தை நினைச்சுக்குங்க சார். தோலுக்குள்ள தோல். வெளிச்சம் மேல் தோல்ல நுழையுது. கொஞ்சம் அங்கேயே திரும்பிடும். மிச்சம் உள்ள போய் அடுத்த தோல்ல முட்டும், அங்கேருந்து சிதறும், மறுபடி மேல வந்து இடிக்கும், திரும்பக் கீழ போகும். கடைசில வெளிய வர்றப்ப வேற நிறமா வரும்."

"எங்க ஸ்டேஷனுக்குள்ள வந்துட்டுப் போற ஆளு மாதிரி."

"அதேதான் சார். ஒரு தோல் கூடினா நிறம் மாறிடும். அந்த நாலாவது தோல் தெரிஞ்ச ஆளு எத்தனை பேர்? டாக்டரம்மா. என் புருஷன். அப்புறம் நீங்க, குனிஞ்சு பார்த்திருந்தா."

"பார்த்தேன். ஊதாதான். பார்த்த உடனே தும்மல் வந்துச்சு."

"அப்ப மிச்சம் இருக்கறது ஒரே ஆளு. கொன்னவன். உயிர் இருக்கான்னு அவனும் குனிஞ்சு பார்த்திருப்பான்."

இன்ஸ்பெக்டர் மேசையைத் தட்டிக்கொண்டே யோசித்தார். பிரேதப் பரிசோதனையில் மண்டையில் உருண்டையான பள்ளம் என்று சொல்லியிருந்தார்கள். உடலுக்குப் பக்கத்தில் கிடந்த பெயின்ட் டப்பாவின் விளிம்பு அதற்குப் பொருந்தவில்லை. அந்த உறுத்தல் அவருக்கும் இருந்தது.

"தம்பிக்காரன் மேல எனக்கும் ஒரு கண்ணு இருக்கு. ஆனா கூப்பிட்டு, காரைப் பார்த்தியான்னு கேட்டா, பார்க்கலைன்னுதானே சொல்லுவான்?"

"கேக்க வேண்டாம் சார். தப்பான படத்தைக் காட்டினாப் போதும்."

"அதென்ன?"

"விளம்பரப் படத்தை அவர்தான் பார்த்துச் சரின்னு சொல்லணும். தகட்டுல இருக்கற மாதிரி மூணு பூச்சோட காரை உருவாக்கறேன். கீழ் வளைவுல நீலம். நிஜக் காரைப் பார்த்தவனா இருந்தா, இது வேறயா இருக்கேன்னு முகத்துல ஒரு சுருக்கமாவது விழும். வாய் தவறி ஒரு வார்த்தை வந்தா இன்னும் நல்லது."

"வராட்டா?"

வராவிட்டால் கணவன் கொலைகாரன். மகளுக்கு எந்த வெளியூரின் பெயரை எத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருப்பது?

இன்ஸ்பெக்டர் எழுந்தார்.

"சரி. நானும் வந்து ஒளிஞ்சு நிக்கறேன். ஆனா ஒண்ணு. உங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. உங்க முதலாளிக்குக்கூட."

"சார் எனக்காக எவ்வளவோ பண்றார். அவர்கிட்ட மறைக்கறது..."

"மறைம்மா. அப்புறமா மன்னிப்புக் கேட்டுக்கோ."

*

கறுப்புத் திரைக்குப் பின்னால் ஒரு நாற்காலி. நாற்காலியில் இன்ஸ்பெக்டர். கையில் கர்ச்சீப்.

"இந்தத் திரைத் தூசிக்குத் தும்மல் வந்துட்டா என்ன சார் பண்றது?"

"அதுக்குத்தான் மாத்திரை போட்டிருக்கேன். நீ வேலையைப் பாரு."

தம்பிக்காரர் வந்தார். சவரம் செய்யாத முகம். உட்காரும்போதே வாட்சைப் பார்த்தார்.

"சீக்கிரம் காட்டும்மா. எனக்கு இதுல மனசே இல்ல."

அவள் விசையைத் தட்டினாள். கம்ப்யூட்டர் திரையில் முதலில் வெறும் புள்ளிகள். மணலை வாரி இறைத்த மாதிரி. கம்ப்யூட்டர் ஒவ்வொரு வெளிச்சக் கீற்றாகப் பூச்சுகளுக்குள் அனுப்பி, அது எங்கே முட்டி எப்படி வெளியே வருகிறது என்று கணக்குப் போட்டது. புள்ளிகள் நெருங்கின. மங்கலாக ஒரு வளைவு... ஒரு சக்கரம்... ஒரு கதவு...

தரையில் படுத்திருப்பவன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே கோணம் வைத்திருந்தாள்.

கார் தெளிந்தது. பச்சை. கீழ் வளைவில் நீலம்.

அவள் காரைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கலர் சரியா இருக்கா சார்?"

"எனக்கென்னம்மா தெரியும்?"

"கீழ... அந்த ஓரத்துல?"

"தகட்டுல இப்படித்தான் இருந்துச்சு. பச்சை, ஓரத்துல நீலம். அக்கா அதை என் மூக்குக்கு நேரா நீட்டி, 'இதைப் பார்த்துட்டும் விக்கணும்ங்கறியாடா'ன்னு கேட்டா." குரல் உடைந்தது. "கார் முடிஞ்சதும் வந்து பாருடான்னா. கோவத்துல போகலை. அதுக்கப்புறம் அவளைப் பொணமாத்தான் பார்த்தேன்."

முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நடிப்பு இல்லை. அப்படி மூக்கு ஒழுக யாராலும் நடிக்க முடியாது.

"என்ன வேணுமோ பண்ணிக்கோ. அக்கா செஞ்சது, அது நல்லாத்தான் இருக்கும்."

போய்விட்டார்.

அவள் எழுந்து திரையை விலக்கினாள்.

"சார், இவர் இல்ல சார்..."



இன்ஸ்பெக்டரின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மாத்திரை தும்மலை நிறுத்தியதோடு ஆளையும் நிறுத்திவிட்டது. சட்டம் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தது!

அவள் திரையை வெறுப்போடு இழுத்து மூடிவிட்டு நாற்காலியில் விழுந்தாள். இருந்த ஒரே வழியும் அடைந்துபோயிற்று. மேசையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

கதவு திறந்தது.

"என்னம்மா லேயர், சாப்பிடப் போகலையா? எல்லாரும் கிளம்பிட்டாங்களே."

கழுகு.

*

அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எஃகு உருண்டை உள்ளங்கையில் மெதுவாக உருண்டது.

"வக்கீல்கிட்ட பேசினேன். கஷ்டம்தான்னார். ஆனா நம்பிக்கையை விடாதே. பாப்பாவோட படிப்பு, வீட்டு வாடகை எல்லாம் ஆபீஸ் பார்த்துக்கும்."

"நீங்க இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேனோ சார்."

"சேச்சே. நீ எனக்குப் பொண்ணு மாதிரி."

அவர் பார்வை கம்ப்யூட்டர் திரைக்குப் போனது. அங்கேயே நின்றது. புருவம் நெளிந்தது. உருண்டை நின்றது.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்ல. நீ இருக்கற நிலைமைல இதைச் சொல்லக் கூடாது."

"பரவாயில்ல, சொல்லுங்க சார்."

"வேண்டாம், விடு."

விட்டார். எழுந்தார். கதவுவரைக்கும் போனார். திரும்பி வந்தார். பாவம், பழக்கம் விடவில்லை.

"கதவோட கீழ் வளைவு. அங்க படமே செத்துப்போச்சும்மா. ஏன் நீலத்தோட நின்னுபோச்சு? அது ஊதாவுக்குப் போகணும். இதோ, இந்த மடிப்புல ஆரம்பிச்சுச் சக்கரம் வரைக்கும். துகளை மட்டும் போட்டு வார்னிஷ் அடிச்சுட்டே. நடுவுல ஏதோ ஒண்ணு விட்டுப்போச்சு."



அவளுக்குத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்க்காமலேயே கேட்டாள்.

"தகட்டுல ஊதா இல்லையே சார்."

"தகட்டை விடு. கார்ல பார்த்தா..."

அங்கேயே நின்றுவிட்டார்.

"கார்ல பார்த்தா?"

அவர் உருண்டையைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"அன்னிக்கு வெளியூர்லேருந்து அப்பதான் வந்ததாச் சொன்னீங்களே சார்."

"போட்டோல பார்த்தேன். போலீஸ் போட்டோ. வக்கீல் காட்டினார்."

"ஸ்டேஷன் பிரின்டர்ல கலர் மை தீர்ந்து எத்தனையோ மாசம் ஆச்சாம். வக்கீலுக்குக் கொடுத்ததெல்லாம் கறுப்பு வெள்ளை. நானும் பார்த்தேன்."

அவர் சிரித்தார். அப்பா மாதிரியே சிரித்தார். பிறகு நிதானமாக நடந்து போய்க் கதவைத் தாழிட்டார்.

அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். திரைக்குப் பின்னாலிருந்து குறட்டைச் சத்தம்கூட இல்லை.

"அப்ப ஊதாவைப் பார்த்தது நீங்கதானா சார்?" வேண்டுமென்றே உரக்கக் கேட்டாள்.

"ஏன் கத்தறே? ஆபீஸ்ல ஒருத்தரும் இல்ல."

கறுப்புத் திரை அசையவில்லை.

"ஏன் சார்? டாக்டரம்மா உங்களுக்கு என்ன பண்ணினாங்க?"

"நீ அந்தத் தகட்டை அளந்து வெச்சே பாரு, எந்தப் பக்கம் வெளிச்சம் விழுந்தா எப்படிச் சிதறும்னு... அந்த அளவுகளை வேற ஒரு பெயின்ட் கம்பெனிக்குக் கொடுத்தேன். அதை வெச்சுக்கிட்டு அவங்க அதே மாதிரி பெயின்ட்டைப் பண்ணிடலாம். எப்படியோ அந்தம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. கூப்பிட்டா. போனேன். அவளே கதவைத் திறந்தா. நாளைக்கே ஊரைக் கூட்டிச் சொல்றேன்னா. என் கையில இது இருந்துச்சு."

உருண்டையைத் தூக்கிக் காட்டினார். அன்று காலையிலிருந்து எத்தனை முறை அதில் தன் முகத்தைப் பார்த்திருக்கிறாள்!

"விழுந்துட்டா. உயிர் இருக்கான்னு குனிஞ்சு பார்த்தேன். தரைக்குப் பக்கத்துல முகத்தை வெச்சேன். அப்பதான் அந்தக் கதவு கண்ணுல பட்டுச்சு." அவர் குரல் தாழ்ந்தது. கண்ணில் உண்மையாகவே ஈரம். "லேயர்... என் ஆயுசுல அப்படியொரு ஊதாவை நான் பார்த்ததில்ல. பக்கத்துல பொணம் கிடக்கு, நான் காரைப் பார்த்துட்டு இருக்கேன். அதைப் போய் நீ இப்படி நீலமாப் போட்டு வெச்சா, நான் எப்படிம்மா சும்மா இருப்பேன்?"

"என் புருஷனுக்கு வக்கீல் வெச்சீங்களே?"

"பாவமா இருந்துச்சு."

ஒரு அடி முன்னால் வந்தார்.

"நீ கெட்டிக்காரி. வாயை மூடிக்கிட்டு இருப்பேன்னு சொன்னா நான் நம்பிடுவேன். ஆனா ராத்திரி தூக்கம் வராதே. புருஷனை நினைச்சு மனசு உடைஞ்ச பொண்ணு. தலை சுத்தி மேசை முனையில விழுந்துட்டா. யாரும் கேக்கப் போறதில்ல."

அவள் பின்னால் நகர்ந்தாள். முதுகில் மேசை இடித்தது. நகர இடமில்லை.

உருண்டை உயர்ந்தது.

அதற்குள் மொத்த அறையும் வளைந்து தெரிந்தது. கம்ப்யூட்டர் திரையின் பச்சை. நடுவில் சின்னதாக அவள். அவளுக்குப் பின்னால் கறுப்புத் திரை...

கறுப்புத் திரையில் ஒரு நெளிவு!

"அ... அ..."

கழுகின் கை அந்தரத்தில் நின்றது.

"அச்சூ!"

திரை ஒதுங்கியது. ஒரு கையில் கர்ச்சீப்பும் மறு கையில் துப்பாக்கியுமாக இன்ஸ்பெக்டர். மூக்கு சிவந்திருந்தது.

"அந்த உருண்டையை மெதுவாக் கீழ வைங்க சார். மண்டைப் பள்ளத்துக்குப் பொருந்துதான்னு பார்க்கணும்."

கழுகின் முகத்தில் ஈயாடவில்லை. உருண்டை மேசை மேல் உட்கார்ந்தது. லேசாக உருண்டு, நின்றது.

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க தூங்கலையா சார்?"

"தூங்கினேன்மா. ஊதான்னு காதுல விழுந்ததும் முழிச்சுட்டேன். தும்மலை அடக்கறதுலதான் உயிர் போயிடுச்சு."

"கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?"

"வந்திருக்கலாம். ஆனா மனுஷன் அவ்வளவு ரசிச்சுச் சொல்லிட்டு இருந்தார். நடுவுல குறுக்கிட மனசு வரலை."

இன்ஸ்பெக்டர் விலங்கு மாட்டினார். வாசற்படி தாண்டும்போது கழுகு திரும்பினார். அவளைப் பார்ப்பார், மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார்.

"அந்தக் கீழ் வளைவை மட்டும் சரி பண்ணிடும்மா. அப்படியே அனுப்பிடாதே."

"நடங்க சார்" என்றார் இன்ஸ்பெக்டர்.

*

ஸ்ப்ரேக்காரன் வீட்டுக்கு வந்தான். மகள் ஓடி வந்து, முதலில் அவன் காலைப் பார்த்தாள். செருப்போடு வெளியூர் போன அப்பாவை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. மடியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் முகம் மலர்ந்தது. அவன் அவளை இறுக்கிக்கொண்டான்.

தம்பிக்காரர் கம்பெனியை விற்கவில்லை. அக்காவின் காரை அறிமுகம் செய்யத்தான் போகிறேன் என்றார். படத்தை முடித்துக் கொடுக்கச் சொல்லி லேயரிடமே வந்து நின்றார்.

அவள் நாலாவது பூச்சைச் சேர்த்தாள். கணவன் சொல்லச் சொல்ல, எவ்வளவு மெலிசு, எவ்வளவு கலங்கல் என்று ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டருக்குச் சொன்னாள். விசையைத் தட்டினாள்.

மணல் மாதிரி புள்ளிகள். நெருங்கின. தெளிந்தன.

பச்சைக் கார். கீழ் வளைவில், டாக்டரம்மா தரையில் படுத்துப் பார்த்த அதே ஊதா.

அவளுக்கு அழுகை வந்தது. அவனுக்கும் வந்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

பிறகு அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தான்.

"ஊதா கொஞ்சம்... தூக்கலா இருக்கோ?"

அவள் மெல்லத் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"இந்தப் படத்துக்குக் கடைசியா கரெக்‌ஷன் சொன்னவர் இப்ப எங்க இருக்கார் தெரியுமில்ல?"

ஸ்ப்ரேக்காரன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"படம் பிரமாதம்மா. கை வைக்காதே."